வீட்டு மதிலுக்குள் படமெடுக்க என்ன இருக்கிறது?

பிப்ரவரி 9, காலை

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "காட்டுக்கோ ஏரிக்கோ போக வசதியில்லை. கையில் இருப்பது சாதாரணக் கைப்பேசி. வீட்டைச் சுற்றிக் காக்கையும் களையும் தவிர எதுவுமில்லை. இயற்கையைப் படமெடுப்பது எங்களைப் போன்றவர்களுக்கு ஆகாத வேலை என்று முடிவு கட்டிவிடலாமா?"

இதற்குப் பதில் எழுத உட்காருவதற்கு முன் மதிலோரமாக ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக நடந்து பார்த்தேன். நீளம் 25 அடிதான் இருக்கும். யாரும் நடாமல் தானாக முளைத்த செடிகளில் 17 வகையை எண்ணினேன். அவற்றில் ஆறின் பெயர் மட்டுமே எனக்குத் தெரிந்திருந்தது. பத்து ஆண்டுகளாக இந்த மதிலைத் தினமும் கடந்து போகிறவனுக்கு இது கொஞ்சம் வெட்கமான கணக்குதான். ஆகவே முடிவு கட்ட வேண்டாம். எண்ணிப் பாருங்கள், பிறகு பேசலாம்.

பிப்ரவரி 9, இரவு

17 தவறு, 16 என்று திருத்துகிறேன். நிழலில் அகன்ற இலையோடு நின்ற ஒன்றையும், மதில் வெடிப்பில் கட்டைவிரல் உயரத்தில் காய்ந்து நின்ற ஒன்றையும் இரண்டு செடிகளாகக் கணக்கில் சேர்த்திருந்தேன். படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது இரண்டுமே குப்பைமேனி என்று தெரிந்தது. ஒன்றுக்குச் சோறு கிடைத்திருக்கிறது, மற்றதற்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிப்ரவரி 11

கைப்பேசியில் சிறு பூ எடுத்தால் பூ மங்கி, பின்னால் இருக்கும் சுவர் துல்லியமாக விழுகிறது என்பது எல்லோருக்கும் உள்ள குறை. நான் செய்வது இதுதான்: பூவுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துவிட்டுத் திரையில் பூவைத் தொடுவேன். கருவி கையைப் பற்றிக்கொண்டு, அதே தூரத்தில் இருக்கும் பூவையும் தெளிவாக்கிவிடும். பிறகு அசைவில்லாமல் கையை மெதுவாக விலக்க வேண்டும். காற்று அடித்தால் இந்த வித்தை பலிக்காது. அப்போது காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

இன்று இப்படி எடுத்தது வெட்டுக்காயப் பூண்டு. மஞ்சள் நடுவும் ஓரத்தில் ஐந்து வெளிறிய இதழ்களும் கொண்ட சாதாரணப் பூ என்று நினைத்துத்தான் குனிந்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் அது ஒரு பூவே அல்ல. நடுவில் இருக்கும் ஒவ்வொரு மஞ்சள் பொட்டும் தனிப் பூ. ஒவ்வொன்றும் ஐந்து முனையோடு நட்சத்திரம்போல் விரிந்திருக்கிறது. நாம் இதழ் என்று எண்ணும் ஒவ்வொன்றும்கூட நுனியில் மூன்று பல் வெட்டிய தனிப் பூதான். சூரியகாந்திக் குடும்பத்தின் ஏற்பாடு இது: ஒரு காம்பின் மேல் ஒரு சந்தையே கூடியிருக்கிறது. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து புறப்பட்டு உலகத்தின் வெப்ப நாடுகள் அனைத்திலும் வேர்விட்ட செடி இது. விதையின் பஞ்சுக் குடையைப் பார்த்தால் பயணத்தின் இரகசியம் புரியும்.

பிப்ரவரி 12

செடியின் பெயரைக் கேட்டுப் படம் அனுப்புகிறவர்கள் தயவுசெய்து மேலிருந்து ஒரே படம் எடுத்து அனுப்பாதீர்கள். கீழாநெல்லியை மேலிருந்து எடுத்தால் தொட்டாற்சுருங்கியின் தூரத்து உறவு போலத்தான் தெரியும். கிளையைத் திருப்பிப் பிடித்தால் ஒவ்வொரு இலையின் அடியிலும் கடுகு அளவுக் காய்கள் வரிசையாகத் தொங்குகின்றன. கீழ்க்காய் நெல்லி என்று பெயர் வைத்தவர் கிளையைத் திருப்பிப் பார்த்தவர். முழுச் செடி, இலையின் இரு பக்கம், தண்டில் இலைகள் எதிரெதிராக இருக்கின்றனவா மாறிமாறி இருக்கின்றனவா என்பது, பூவின் பக்கவாட்டுத் தோற்றம், காய் இருந்தால் காய்: இவ்வளவும் இருந்தால் தெரிந்தவர் ஒருவர் நிச்சயமாகச் சொல்லிவிடுவார். அளவு தெரிய அருகே ஒரு தீக்குச்சி.

பிப்ரவரி 15

இன்று கிடைத்த படத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாவிலையில் முசுறு ஒன்று, இறந்துபோன தன் கூட்டத்து முசுறு ஒன்றை வாயில் கவ்வித் தூக்கிக்கொண்டு போகிறது. தன் உடலளவு நீளமுள்ள சுமை. இலைகளை இழுத்துப் பிடித்து, தம் புழுக்கள் சுரக்கும் பட்டு நூலால் ஒட்டிக் கூடு கட்டும் இந்த எறும்புகளின் ஒற்றுமை நாம் அறிந்ததுதான். ஆனால் கூட்டத்தை விட்டு விலகி, ஒற்றையாளாக, தோழனின் உடலைச் சுமந்து இலையின் விளிம்பில் அது சற்று நின்றபோது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. காக்கையும் களையும்தான் என்றாரே, அவருக்கு இந்தப் படம்.

பிப்ரவரி 16

இழவு வீட்டுக்கு வந்தவர்களைப் போல் பலரும் இரங்கல் தெரிவித்திருக்கிறீர்கள். முசுறின் சார்பில் நன்றி.

பிப்ரவரி 18

இரங்கல்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இளைஞர் ஒருவர் ஒரே வரியில் கேட்டார்: "கால்களை எண்ணினீர்களா?" எண்ணவில்லை. நேற்றிரவு படத்தைப் பெரிதாக்கி எண்ணினேன். இலையில் ஊன்றியிருந்தவை ஆறு, அதுவரை சரி. உணர்கொம்புகள் என்று நான் எடுத்துக்கொண்ட இரண்டும் தலையிலிருந்து முளைக்கவில்லை, உடலிலிருந்து முளைத்திருந்தன. அவை உயர்த்திப் பிடித்த முன்கால்கள். ஆக மொத்தம் எட்டு. எறும்பு அல்ல, எறும்பு வேடமிட்ட குதிக்கும் சிலந்தி. முகத்தின் முன்புறத்தில் விளக்குப் போல இரண்டு பெரிய கண்கள் இருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன்.

அப்படியானால் வாயில் இருந்த பிணம்? அது அதன் சொந்தத் தாடை. இந்தச் சிலந்தியில் ஆணுக்குத் தாடைகள் மிக நீண்டு முன்னால் துருத்தி நிற்கும். அவற்றின் நுனியில் எறும்பின் கண்களைப் போலக் கருப்புப் புள்ளிகள்கூட உண்டு. எனவே ஆண் சிலந்தி, எறும்பைத் தூக்கிச் செல்லும் எறும்பாகத் தெரிகிறது. பெண்ணுக்கு இந்தத் தாடை இல்லாததால் அது ஒற்றை எறும்பாகத் தெரிகிறது. வேடத்துக்கு விலையும் உண்டு: எறும்பையே இரையாகக் கொள்ளும் வேறு சில சிலந்திகள் வாயில் சுமை உள்ள எறும்பைத்தான் தேடிப் பிடிக்கின்றன, ஏனென்றால் சுமை வைத்திருக்கும் வாய் கடிக்காது. பறவைக்குத் தப்பப் போட்ட வேடம் இவற்றிடம் மாட்டிவைக்கிறது.

பிப்ரவரி 15 குறிப்பை நீக்கப் போவதில்லை. அன்று ஐந்து படங்கள் எடுத்திருந்தேன். நான்கில் அந்த முன்கால்கள் மங்கல். அழகாக இல்லை என்று கழிக்க இருந்த ஐந்தாவது படத்தில்தான் கால் உடலோடு சேரும் இடம் தெரிகிறது. இனி மங்கல் படங்களையும் ஒரு வாரத்துக்கு அழிப்பதில்லை என்று வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 20

காக்கையைப் பற்றிக் கேட்டவருக்கு: கரும்பறவை வெறும் கரிய பொம்மையாக விழுந்தால் வெளிச்சத்தைக் கூட்டி எடுங்கள்.

பிப்ரவரி 21

நேற்று அவசரத்தில் பாதியை மட்டும் சொன்னேன். வானம் பின்னணியாக இருக்கும்போதுதான் கூட்ட வேண்டும். காக்கை அருகில் வந்து படம் முழுவதையும் அடைத்துக்கொண்டால் கருவி அதை இருட்டு என்று நினைத்துத் தானாகவே வெளிச்சத்தை ஏற்றி, காக்கையைச் சாம்பலாக்கிவிடும். அப்போது குறைக்க வேண்டும். வெள்ளைப் பூவில் இது தலைகீழ் என்று சொல்லத் தோன்றும், ஆனால் வெயிலில் வெள்ளை இதழின் நரம்புகள் வெந்து மறையாமல் இருக்க அங்கும் நான் குறைத்துத்தான் எடுக்கிறேன். மேகம் மூடிய நேரத்தில் எடுத்தால் இந்தத் தொல்லை பாதி தீரும்.

பிப்ரவரி 23

எலுமிச்சைச் செடியின் இலையில் பறவை எச்சம் கிடந்தது. துடைக்கப் போனேன், எச்சம் நகர்ந்தது. பழுப்பு உடலில் வெள்ளைத் திட்டு போட்ட சிறு புழு, அரை அங்குலம்கூட இல்லை. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு இது. எச்சத்தைத் தின்னும் பறவை ஏது? தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு படம் என்று தொடங்குகிறேன்.

பிப்ரவரி 27

யாருக்காவது அந்திமந்தாரை அதிகாலையில் பூத்த அனுபவம் உண்டா? பழைய படங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது பார்த்தேன்: என் செடியின் பூக்கள் விரியத் தொடங்கும் எல்லாப் படங்களிலும் நேரம் அதிகாலை 4.40, 4.52, 5.05 என்று பதிவாகியிருக்கிறது. நாலுமணிப்பூ என்று அதற்கு இன்னொரு பெயர் இருப்பது மாலை நான்கைக் குறித்துத்தான். மாலையில் மலர்ந்து, இரவில் மணந்து, நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள அந்துப்பூச்சிகளை வரவழைத்து, மறுநாள் காலையில் வாடும் பூ அது. என் செடி மட்டும் ஏன் நேரம் மாறிப் பூக்கிறது என்பதற்குத் தெரு விளக்கின் ஒளி காரணமாக இருக்குமோ என்று யோசித்துப் பாதிப் பக்கம் எழுதிவைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 28

பாதிப் பக்கத்தைக் கிழித்துப் போட்டாயிற்று. பழைய கேமராவில் மின்கலத்தை மாற்றியபோது கடிகாரத்தை 12 மணி நேரம் பிசகாக வைத்திருக்கிறேன். அதே வரிசையில் மேற்கு வெயில் முகத்தில் அடிக்க நிற்கும் என் அண்ணன் மகனின் படமும் அதிகாலை 5.10 என்றுதான் இருக்கிறது. தெரு விளக்கிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இதைச் சாக்கிட்டு அந்தப் பூவை மறுபடி பார்த்ததில் ஒரு இலாபம். வண்ணமாக விரிந்திருப்பது இதழ் அல்ல, புல்லி வட்டம். அந்திமந்தாரைக்கு அல்லி இதழே கிடையாது. இலைகளில் வெள்ளைத் திட்டு விழும் ஒரு வகையும் உண்டு; ஒரே செடியில் பச்சைக் கிளை, வெள்ளைக் கிளை, கலப்புக் கிளை மூன்றும் இருக்கும். எந்தக் கிளையின் பூவில் விதை பிடிக்கிறதோ அந்தக் கிளையின் குணமே கன்றுக்கு வருகிறது, மகரந்தம் எங்கிருந்து வந்தாலும் பொருட்டில்லை என்று ஜெர்மானியத் தாவரவியலாளர் கார்ல் காரென்ஸ் 1909இல் காட்டினார். தாய்வழி மட்டும் இறங்கும் பரம்பரைக் குணம் ஒன்று உண்டு என்பது வேலியோரச் செடியில் தெரியவந்த செய்தி.

மார்ச் 4

புழு பச்சையாகிவிட்டது. நேற்று எச்சமாக இருந்தது இன்று இலையாக இருக்கிறது. ஒரு துரும்பால் லேசாகத் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து பாம்பின் பிளவுநாக்கைப் போல ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்புகள் வெளியே வந்தன, கூடவே ஒரு வீச்சமும். கொம்பு ஒரு நொடியில் உள்ளே போய்விட்டது. படம் கிடைக்கவில்லை. இன்னொரு முறை தொட்டால் கிடைத்திருக்கும். படத்துக்காகப் புழுவைச் சீண்டுவதற்கும் ஒரு கணக்கு வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 6

மேலே சொன்னதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்திருந்த தையல்சிட்டின் கூடு ஒன்று வாசற்படியிலிருந்து எட்டும் உயரத்தில் இருந்தது. உள்ளே மூன்று முட்டைகள். மறைத்துக்கொண்டிருந்த கிளை ஒன்றை நூலால் இழுத்துக் கட்டிவிட்டு, பத்து நிமிடத்தில் நல்ல படம் எடுத்தேன். நூலை அவிழ்க்க மறந்து உள்ளே போய்விட்டேன். மாலையில் கூடு காலி. மதில் மேல் காக்கை ஒன்று அலகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அதுதான் தின்றது என்பதற்குச் சாட்சி இல்லை, ஆனால் கதவைத் திறந்துவைத்தது நான். அந்தப் படத்தை யாரிடமும் காட்டியதில்லை. குஞ்சு பறந்த பிறகு வெறுங்கூட்டை எடுத்து வைத்து, பஞ்சு இழையும் சிலந்தி நூலும் எப்படி முடிச்சாக இலையில் கோக்கப்பட்டிருக்கின்றன என்று படமெடுங்கள். அது யாருக்கும் கேடில்லை.

மார்ச் 8

புழு தின்பதை நிறுத்திவிட்டு ஒரு குச்சியில் ஏறி, பின்நுனியை ஒட்டிக்கொண்டு, இடுப்பைச் சுற்றிப் பட்டுக் கயிறு ஒன்றைப் போட்டுச் சாய்ந்திருக்கிறது. மின்கம்பம் ஏறும் தொழிலாளி இடுப்பு வாரில் சாய்ந்து நிற்பதைப் போலவே இருக்கிறது. காலையிலிருந்து எடுத்த படங்கள் நன்றாக வந்திருக்கின்றன, ஆனால் லென்ஸில் தூசி. எல்லாவற்றிலும் புழுவின் முதுகில் ஒரு கருப்புப் புள்ளி.

மார்ச் 9

கூட்டுப்புழு ஆகிவிட்டது. பச்சை நிறம். அதிகம் போனால் பத்து நாள்.

மார்ச் 14

பெயர் கண்டுபிடிக்கும் செயலிகளைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். நான் பயன்படுத்துவது ஐநேச்சுரலிஸ்ட். 2008இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவர்களின் படிப்பு முடிப்புப் பணியாகத் தொடங்கியது. இப்போது இலாப நோக்கற்ற தனி அமைப்பு. படம், தேதி, இடம் மூன்றும் இருந்து, பெயரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஒத்துப்போனால் அந்தப் பதிவு ஆய்வுத் தரம் பெறுகிறது.

இதில் உள்ள ஓட்டையை என் செலவிலேயே சொல்கிறேன். இயந்திரம் ஒரு பெயரைச் சொல்லும், நான் அதை ஏற்பேன், அடுத்தவர் நான் சொன்னதற்கு ஆமாம் போடுவார். மூன்று பேரும் செடியைப் பார்த்திருக்க மாட்டோம். இப்படி அம்மான் பச்சரிசியின் உறவுச் செடி ஒன்று எட்டு மாதம் தவறான பெயரோடு ஆய்வுத் தரத்தில் உட்கார்ந்திருந்தது. திருத்தியவர் கேட்டது இலையின் அடிப்பக்கப் படம். ஆகவே பிப்ரவரி 12 குறிப்பை எழுதியவன் தன் பேச்சைத் தானே கேட்கவில்லை என்று பதிவு செய்துகொள்ளவும். இன்னொன்று, தொட்டியில் நீங்கள் நட்ட செடியை ஏற்றினால் நட்டது என்று குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் மாடி ரோஜா காட்டுச் செடியாகக் கணக்கில் ஏறிவிடும்.

பறவைகளில் ஆர்வமுள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் பிப்ரவரியில் நான்கு நாள் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, 1998 முதல். ஒரே இடத்தில் 15 நிமிடம் நின்று எண்ணினால் போதும். இந்த ஆண்டு தவறவிட்டேன். அந்த நேரத்தில் முசுறுக்குத் துக்கம் அனுசரித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 17

குப்பைமேனியின் வேரைப் படமெடுக்கலாம் என்று ஒன்றைப் பிடுங்கித் திண்ணையில் வைத்துவிட்டு வெள்ளைத் தாள் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அடுத்த வீட்டுப் பூனை வேரைக் கட்டிக்கொண்டு புரண்டுகொண்டிருந்தது. அந்த வேரின் வாசனையில் பூனைகள் மயங்கும் என்பது தெரிந்த செய்திதான், எனக்குத்தான் தாமதமாக நினைவுக்கு வந்தது. படத்தில் வேர் இல்லை, வாலும் வயிறும் இருக்கின்றன.

மார்ச் 20

கூட்டுப்புழு இன்னும் விரியவில்லை. பச்சை மங்கி, காய்ந்த இலையின் பழுப்பாகிவிட்டது. விரிவதற்கு முந்தைய நாள் ஓடு கண்ணாடிபோல் ஆகி உள்ளே சிறகின் கோலம் தெரிய வேண்டும். தெரியவில்லை.

மார்ச் 25

காலையில் ஓட்டின் பக்கவாட்டில் குண்டூசி குத்தியதுபோல் ஒரு துளை. அதிலிருந்து கொசுவை விடச் சிறிய, பச்சையாக மினுங்கும் பூச்சி ஒன்று தலையை நீட்டி, வெளியே வந்து, காலால் உணர்கொம்பைத் துடைத்துக்கொண்டது. பின்னாலேயே இன்னொன்று. அரை மணி நேரத்தில் நாற்பது வரை எண்ணினேன். ஒட்டுண்ணிக் குளவிகள். வண்ணத்துப்பூச்சிக்காகப் பதினேழு நாள் காத்திருந்து, அது எப்போதோ தின்று தீர்க்கப்பட்டதைப் பார்த்தேன்.

கொட்டக் கொட்டக் குளவியாகும் என்பார்கள். குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து கூட்டில் அடைத்துக் கொட்டிக்கொண்டே இருந்தால் புழு தானும் குளவியாகிவிடும் என்ற பழைய நம்பிக்கையிலிருந்து வந்த சொல். குருவும் சீடனும் என்ற இடத்தில் உவமையாக வரும். மண்கூட்டுக் குளவி புழுவைக் கொட்டி மரக்கச் செய்து, அதனோடு தன் முட்டையையும் வைத்து அடைக்கிறது. முட்டையிலிருந்து வருவது புழுவைத் தின்று வளர்ந்து குளவியாக வெளியேறுகிறது. புழு போனது, குளவி வந்தது என்ற இரண்டையும் அந்தக் காலத்தவர் சரியாகவே பார்த்திருக்கிறார்கள். இடையில் நடந்ததற்கு மட்டும் சாட்சி இல்லை. இதைப் படித்துச் சிரிக்கும் தகுதி, எட்டுக் கால் சிலந்தியை எறும்பின் தோழமையாகப் படித்த எனக்கு இல்லை.

மார்ச் 26

மார்ச் 8 படங்களுக்குத் திரும்பினேன். லென்ஸில் தூசி இருந்தால் அது எல்லாப் படங்களிலும் சட்டத்தின் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இந்தப் புள்ளி அப்படியில்லை: 7.02க்குப் புழுவின் கழுத்தருகே, 7.10க்கு நடு முதுகில், 7.31க்கு இடுப்புக் கயிற்றின் பக்கத்தில். கடைசிப் படத்தைப் பெரிதாக்கினால் இரண்டு சிறகும் வளைந்த உணர்கொம்பும் தெரிகின்றன. தோல் உரிந்து கூட்டுப்புழு இன்னும் மெத்தென்று இருக்கும் நேரத்தில்தான் முட்டையிட முடியும் என்பதால் இந்தக் குளவிகள் முன்கூட்டியே வந்து புழுவின் மேல் காத்திருக்கும். அதுவும் நானும் ஒரே புழுவுக்காக ஒரே காலையில் காத்திருந்திருக்கிறோம்.

விரட்டியிருக்கலாமே என்று ஒருவர் கேட்கிறார். அன்று கண்டுகொண்டிருந்தால் விரட்டியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. அது சரியா என்று தெரியவில்லை. வண்ணத்துப்பூச்சிக்கு ஒரு நியாயமும் குளவிக்கு ஒரு நியாயமும் வைக்க, முதல் கேள்வியில் காக்கைக்கும் களைக்கும் கொடுக்கப்பட்ட இடத்தை நினைத்தால், எனக்குக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது.

மார்ச் 31

மதிலோரக் கணக்கு இப்போது 19 வகை. பெயர் தெரிந்தவை 14. வெட்டுக்காயப் பூண்டு விதை உதிர்த்துவிட்டது.

எலுமிச்சையின் இளந்தளிரில் இன்று காலை வெளிர்மஞ்சளாக ஒரு முட்டை இருக்கிறது, கடுகை விடச் சற்றுச் சிறியது. கைப்பேசியை எடுத்ததும் முதல் வேலையாக லென்ஸைத் துடைத்தேன்.